கைதட்டலில் ஒரு மனு

வெட்டும் குத்தும் நிறைந்த படங்கள் பெருகிவிட்டன, அவற்றைக் காண மக்கள் முண்டியடிக்கின்றனர் என்று வருந்துவோர் பலர். அந்த வருத்தத்தை எள்ளி நகையாட நான் வரவில்லை. ஆனால் வருந்துவதற்கு முன்னால் விளங்கிக்கொள்ள வேண்டும் அல்லவா? நோய் என்று சொல்லுமுன் நாடி பிடித்துப் பார்க்க வேண்டும் அல்லவா? அதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து செய்ய விரும்புகிறேன்.

படக்கொட்டகையை எண்ணிப் பாருங்கள். திரையிலே ஒரு கொடியவன். அவனால் மனைவியை, மகளை, மானத்தை இழந்த ஒருவன். இரண்டு மணி நேரம் அடி, அவமானம், அழுகை, ஆற்றாமை! இறுதிக் காட்சியிலே நிலைமை மாறுகிறது. கொடியவன் வீழ்கிறான். கொட்டகை அதிர்கிறது! எறும்புக்கும் தீங்கு நினையாத மனிதன் இருட்டிலே எழுந்து நின்று, "விடாதே!" என்று கூவுகிறான். படம் முடிந்ததும் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அடுத்தவர் காலை மிதிக்காமல் பார்த்துப் பார்த்து நடந்து வெளியேறுகிறான்.

இரண்டும் ஒரே மனிதன்தான். இது எப்படி?

"மக்கள் மனத்திலே மிருகம் குடியிருக்கிறது" என்பர் சிலர். "காசு கொடுத்தான், களிப்படைந்தான், இதிலென்ன ஆராய்ச்சி?" என்பர் படவணிகர். முதற்கூட்டம் மக்களை மிருகம் என்கிறது. இரண்டாம் கூட்டம் மக்களைப் பணப்பை என்கிறது. இரண்டும் மக்களைப் பழிப்பதே! நான் சொல்லுகிறேன்: அந்தக் கைதட்டல் ஒரு மனு. எழுத்தில் வராத, முத்திரை ஒட்டாத, எந்த அலுவலகமும் பெற்றுக்கொள்ளாத மனு!

நாடகம் எழுதுகிறவன் நான். கொடியவன் எப்போது விழவேண்டும் என்பது எங்கள் தொழிலின் பால பாடம். முதற்காட்சியிலேயே விழுந்தால் ஒரு கை கூடத் தட்டாது. முதலில் கதவுகளை அடைக்க வேண்டும். நாயகன் காவல் நிலையம் போகவேண்டும். அங்கே புகாரை வாங்க மறுக்க வேண்டும். வழக்குமன்றம் போகவேண்டும், அங்கே சாட்சி பிறழ வேண்டும். பெரிய மனிதர் வீடு போகவேண்டும். அங்கே கொடியவனே சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்க வேண்டும். கதவு ஒவ்வொன்றாக அடைபடும்போது, பார்ப்பவன் தலையை அசைக்கிறான். ஏன் அசைக்கிறான்? அந்தக் கதவுகள் அவனுக்குத் தெரிந்த கதவுகள்! பட்டாவுக்காக நடந்தவன், கூலி பாக்கிக்காக நின்றவன், மகளைச் சீண்டியவன்மீது புகார் எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாள் அவனே தேநீர்க் கடையில் சிரிப்பதைக் கண்டவன்... இவர்கள்தான் அங்கே அமர்ந்திருக்கின்றனர். கத்தி கடைசியில் வருகிறது. கைதட்டல் முதற்கதவு அடைபட்டபோதே பிறந்துவிட்டது.

இது இன்று நேற்றுப் பிறந்த ஆவல் அல்ல. கிரேக்கத்துக்குச் செல்லுங்கள். கி.மு. 458ஆம் ஆண்டு. ஏதென்ஸ் நகரத் திறந்தவெளி அரங்கிலே ஈஸ்கிலஸ் என்ற நாடகாசிரியர் மூன்று நாடகங்களைத் தொடராக அரங்கேற்றினார். மன்னன் அகமெம்னான் போருக்குக் கப்பல் ஓட்டக் காற்று வேண்டி, பெற்ற மகளைப் பலி கொடுத்தான். அந்தப் பழியைத் தீர்க்க மனைவி கிளைட்டம்னெஸ்ட்ரா அவனைக் குளியலறையில் கொன்றாள். அந்தப் பழியைத் தீர்க்க மகன் ஒரெஸ்டஸ் தாயைக் கொன்றான். இனி அவனை யார் கொல்வது? பழி தீர்க்கும் தேவதைகள் அவனைத் துரத்தி வருகின்றன. கொலைக்குக் கொலை, அதற்கொரு கொலை, முடிவெங்கே?

ஈஸ்கிலஸ் காட்டிய முடிவு, வாள் அல்ல, வாக்கு! அதீனா என்னும் தெய்வம் குடிமக்களை நடுவராக அமர்த்தி ஒரு மன்றம் கூட்டுகிறது. இரு தரப்பும் பேசுகின்றன. வாக்குகள் சரிபாதியாகின்றன, அதீனாவின் வாக்கினால் ஒரெஸ்டஸ் விடுதலை பெறுகிறான். பழி தேவதைகள் சீறுகின்றன, நாட்டையே நஞ்சாக்குவோம் என்கின்றன. அவற்றை அதீனா விரட்டவில்லை. "உங்களுக்கு இந்நகரிலேயே இடமுண்டு, மதிப்புண்டு" என்று இணங்க வைத்து, நகருக்கு அடியிலேயே குடியமர்த்துகிறாள்!

இதை வெறும் புராணம் என்று ஒதுக்காதீர்கள். நாடகம் அரங்கேறுவதற்கு மூன்றே ஆண்டுகளுக்கு முன்புதான், மேட்டுக்குடியினரின் பழம்பெரும் மன்றமான அரியோபகஸின் அதிகாரத்தைக் குறைத்த எபியால்டஸ் என்ற மக்கள் தலைவர் கொலையுண்டார். பழிக்குப் பழி என்று நகரம் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அரங்கிலே அமர்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அவர்கள் முன்னே வைக்கப்பட்ட பாடம் இது: சினத்தைக் கொன்றுவிட முடியாது, அதற்கு ஓர் இருப்பிடம் கொடுக்க வேண்டும். அந்த இருப்பிடத்தின் பெயர்தான் நீதிமன்றம்.

நம் கண்ணகியும் முதலில் கையிலெடுத்தது தீயை அல்ல, சிலம்பை! சான்றோடு அவைக்குச் சென்றாள், வாதாடினாள், மெய்ப்பித்தாள். நீதி காலங்கடந்து வந்தது. கணவன் உயிர் அதற்கு முன்பே போயிற்று. அதன் பிறகே மதுரை எரிந்தது.

ஏதென்ஸிலிருந்து இருபது நூற்றாண்டுகள் தாண்டி, லண்டன் மாநகருக்கு வாருங்கள். 1592இல் அச்சேறிய நாடகம் ஒன்று: தாமஸ் கிட் எழுதிய ‘ஸ்பானிய சோகம்’. அதன் நாயகன் ஹீரோனிமோ யார் தெரியுமா? நீதி வழங்கும் அதிகாரி! அவன் மகனையே கொன்று மரத்தில் தொங்கவிடுகின்றனர். கொன்றவர்களோ அரச குடும்பத்தார். மன்னனிடம் முறையிடப் போகிறான்; இடைமறிக்கின்றனர். அவ்வேளையிலே அவனிடம் நீதி கேட்டு மனுதாரர்கள் வருகின்றனர். அவர்களில் ஒரு கிழவர். அவரும் மகனைக் கொலைக்குப் பறிகொடுத்தவர். ஊருக்கெல்லாம் நீதி வழங்குபவனுக்குத் தனக்கொரு நீதி கிடைக்கவில்லை! மனுக்களைப் பல்லால் கிழித்தெறிகிறான் அந்த நீதி அதிகாரி.

பிறகு செய்தது என்ன? அரண்மனையிலே நாடகம் போடுகிறான். கொன்றவர்களையே நடிக்க அழைக்கிறான். மேடையிலே கத்தி பாய்கிறது, மெய்யாகவே பாய்கிறது! அமர்ந்திருந்த அரசர் பெருமக்கள் நடிப்பு என்று நினைத்துப் பாராட்டுகின்றனர்! பாராட்டி முடிந்த பிறகுதான் தெரிகிறது, கிடப்பவை பிணங்கள் என்று. தோழர்களே, அந்த ஒரு கணத்தை நெஞ்சில் நிறுத்திக்கொள்ளுங்கள். நடிப்பென்று நினைத்துக் கை தட்டினோம், நிகழ்ந்தது கொலை. இந்தக் கணத்துக்கு நாம் மீண்டும் வரப்போகிறோம்.

இனி அமெரிக்கா. 1970களின் நடுவிலே நியூயார்க் நகரில் ஆண்டொன்றுக்கு 1,500க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. நகராட்சி கடனில் மூழ்கியது. 1975இல் காவலரையே ஆயிரக்கணக்கில் வேலையிலிருந்து நிறுத்தியது. அந்த அச்சத்தின் நடுவே 1974இல் வெளிவந்து வெற்றி முழக்கமிட்ட படம், சார்லஸ் பிரான்சன் நடித்த ‘டெத் விஷ்’. கட்டடக் கலைஞன் ஒருவனின் மனைவியைக் கயவர் மூவர் கொல்கின்றனர், மகளைச் சீரழிக்கின்றனர். அவன் கைத்துப்பாக்கியோடு இரவிலே வீதிவலம் வருகிறான். வழிப்பறிக்கு வருவோரைச் சுட்டு வீழ்த்துகிறான். கொட்டகைகள் ஆர்ப்பரித்தன!

அந்தப் படத்தில் ஒரு வியப்பு உண்டு. தன் குடும்பத்தை அழித்த அந்த மூவரை நாயகன் கடைசிவரை சந்திக்கவே இல்லை! சுட்டதெல்லாம் வேறு வேறு ஆட்களை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! இறுதியில் காவல்துறை அவனைக் கைது செய்யவில்லை. ஊரைவிட்டுப் போ என்கிறது. புது ஊரிலே இறங்கியதும், அங்கு நிற்கும் போக்கிரிகளை நோக்கி விரலைத் துப்பாக்கிபோல் நீட்டிச் சிரிக்கிறான். கணக்குத் தீர்ந்ததா? தீரவில்லை. 1994 வரை ஐந்து படங்கள் வந்தன.

அந்தப் படத்துக்கு மூலமான நாவலை 1972இல் எழுதியவர் பிரையன் கார்ஃபீல்டு. நாவலிலே நாயகன் கட்டடக் கலைஞன் அல்லன், கணக்கன்! வரவையும் செலவையும் சரிபார்க்கும் கணக்கன், தன் துயரத்துக்குக் கணக்கு நேர்செய்யக் கிளம்பி, தானே கெட்டழிவதை எச்சரிக்கையாக எழுதினார் அவர். திரை அதை வெற்றிவிழாவாக்கியது. மனம் பொறுக்காத கார்ஃபீல்டு, மறுப்பாகவே இன்னொரு நாவலை 1975இல் எழுதினார். எச்சரிக்கையைப் படித்தவர் எத்தனை பேரோ! விழாவுக்கு வந்தவர்களோ வீதியெல்லாம்.

பழிவாங்கும் படத்தின் கவர்ச்சி எங்கே இருக்கிறது என்பதை இங்கே பிடித்துக்கொள்ளலாம். கொட்டகையிலே நாம் கண்கண்ட சாட்சி. குற்றம் நம் கண் முன்னே நடந்தது. குற்றவாளியின் முகத்தை அண்மைக் காட்சியில் கண்டோம். ஐயத்துக்கு இடமில்லை. ஆள்மாறாட்டம் இல்லை, பொய்ச்சாட்சி இல்லை, அடித்து வாங்கிய வாக்குமூலம் இல்லை. அந்த உறுதி எவ்வளவு இனிமையானது! வாழ்க்கை அந்த உறுதியை நமக்குத் தருவதில்லை. வாழ்க்கையிலே நாம் அங்கே இருந்ததில்லை. பிறர் சொல்லத்தான் கேட்கிறோம். அதனால்தான் விசாரணை வேண்டியிருக்கிறது, குறுக்கு விசாரணை வேண்டியிருக்கிறது, வழக்கறிஞர் வேண்டியிருக்கிறது. படம் நம்மிடமிருந்து மறைப்பது இரத்தத்தை அல்ல, ஐயத்தை!

இனி, இதன் உடன்பிறப்பான இன்னொரு வகைக்கு வருவோம். முகமூடி அணிந்த ஒருவன் கத்தியோடு வருவான். இளைஞரை ஒருவர் பின் ஒருவராக வீழ்த்துவான். ‘ஸ்லாஷர்’ என்பர், நாம் கத்திப் படம் என்போம். 1960இல் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ வழிகாட்டியது. குளியலறைக் கொலையை ஒரு மணித்துளிக்கும் குறைவான காட்சியாக, பல துண்டுகளாக வெட்டி ஒட்டி, சாக்லேட் பாகையே இரத்தமாக ஓடவிட்டு எடுத்தார். 1978இல் ஜான் கார்ப்பென்டரின் ‘ஹாலோவீன்’, கைச்செலவு போன்ற சிறு முதலீட்டில் எடுக்கப்பட்டு, கோடிகளைக் குவித்தது. கடையில் வாங்கிய மலிவான முகமூடிக்கு வெள்ளைச் சாயம் பூசியதுதான் அதன் அரக்கன்!

இந்தப் படங்களின் குற்றங்களை நான் மறைக்கப் போவதில்லை. காதலித்த பெண்ணுக்குக் கத்தி, அடங்கிய பெண்ணுக்கு ஆயுள் என்று தீர்ப்பெழுதும் பழைய பஞ்சாயத்து அவற்றிலே ஒளிந்திருக்கிறது. ஆயினும் அவற்றிலே ஓர் உண்மையும் இருக்கிறது. ‘ஹாலோவீன்’ படத்திலே, கொலைகாரனுக்குத் தப்பியோடும் பெண் அண்டை வீட்டுக் கதவைத் தட்டுகிறாள்; "காப்பாற்றுங்கள்!" என்று கதறுகிறாள். விளக்கு எரிகிறது. உள்ளிருந்து யாரோ எட்டிப் பார்க்கின்றனர். விளக்கு அணைந்துவிடுகிறது! கத்தியைவிட என்னை நடுங்க வைத்த காட்சி அது. அரக்கன் ஒருவன்தான், கதவடைத்த வீடுகள் எத்தனை!

கடைசியில் தப்பிப் பிழைப்பவள் அந்தப் பெண்ணே. கரோல் க்ளோவர் என்ற ஆராய்ச்சியாளர் 1987இல் எழுதிய கட்டுரையிலே இதைச் சுட்டிக்காட்டினார். கொலைகாரனின் கண்வழியே பார்க்கத் தொடங்கும் இளைஞர் கூட்டம், முடிவிலே உயிருக்குப் போராடும் பெண்ணின் பக்கம் நின்று குரல் கொடுக்கிறது என்றார். மக்கள் மிருகம் என்போர் இதற்கு என்ன மறுமொழி சொல்வார்களோ?

அதனினும் பெரிய உண்மை ஒன்றுண்டு. 1980இல் வந்த ‘ஃப்ரைடே தி தர்ட்டீன்த்’ படத்தில் கொலைகாரர் யார்? ஒரு தாய்! கோடை முகாமிலே கவனிப்பாரின்றி ஏரியில் மூழ்கிய மகனுக்காகப் பழிவாங்குகிறாள். அவள் கையில் மடிகிற இளைஞர்களோ, அந்தச் சாவோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள். பழிவாங்கும் படத்தில் நாயகனாக நின்ற அதே நியாயம், கத்திப் படத்தில் அரக்கனாக நிற்கிறது!

இந்த இரு முகத்தையும் கண்டவர் ஒரே இயக்குநர்: வெஸ் க்ரேவன், கல்லூரி ஆசிரியராக இருந்தவர். 1972இல் அவர் எடுத்த முதற்படத்திலே, மகளைக் கொன்றவர்களைப் பெற்றோரே கொன்று தீர்க்கின்றனர். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1984 நவம்பரில், ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’. குழந்தைகளைக் கொன்ற ஒருவன் பிடிபடுகிறான். சோதனை ஆணையிலே உரிய இடத்தில் கையெழுத்தில்லை என்று விடுதலை ஆகிறான். கொதித்த பெற்றோர் ஒன்றுகூடி அவனை உயிரோடு கொளுத்துகின்றனர். எவரிடமும் சொல்லாமல் மறைக்கின்றனர். ஆண்டுகள் பல கழித்து அவன் அந்தப் பெற்றோரின் பிள்ளைகளின் கனவிலே வந்து, ஒவ்வொருவராகக் கொல்கிறான்!

பார்த்தீர்களா, தோழர்களே! பழிவாங்கும் படம் "கணக்கு முடிந்தது" என்று சொல்லி நம்மை வீட்டுக்கு அனுப்புகிறது. கத்திப் படமோ, "முடியவில்லை, பாக்கி உன் பிள்ளையின் பெயரில் ஏறியிருக்கிறது" என்று நள்ளிரவில் எழுப்புகிறது.

அந்தப் படம் வெளிவந்து இரண்டு மாதமும் ஆகவில்லை. 1984 டிசம்பர் 22. நியூயார்க்கின் நிலத்தடி ரயிலிலே கறுப்பின இளைஞர் நால்வர். அவர்களில் ஒருவர் ஐந்து டாலர் கேட்டார். உரிமமில்லாத துப்பாக்கியால் நால்வரையும் சுட்டார் பெர்னார்ட் கோட்ஸ் என்பவர். செய்தித்தாள்கள் ‘டெத் விஷ்’ நாயகனோடு அவரை ஒப்பிட்டன. துப்புக் கேட்டுக் காவல்துறை அறிவித்த தொலைபேசிக்குப் பாராட்டு அழைப்புகள் வந்தன! 1987இல் நடுவர் குழு கொலை முயற்சிக் குற்றத்திலிருந்து அவரை விடுவித்தது. துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்கு மட்டுமே தண்டனை. சுடப்பட்டவர்களில் ஒருவர், 19 வயது இளைஞர், முடமாகிப் போனார். 1996இல் உரிமையியல் வழக்கில் அவருக்கு 4 கோடியே 30 லட்சம் டாலர் இழப்பீடு வழங்க வேண்டும் என்று தீர்ப்பானது. தீர்ப்பு எழுந்து நடக்க வைக்குமா?

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று கேட்காதீர்கள். 2019 டிசம்பர் 6. ஹைதராபாத் அருகே, பெண் மருத்துவர் ஒருவரைச் சீரழித்துக் கொன்ற கொடுமைக்காகப் பிடிபட்ட நால்வரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. அந்தக் கொடுமையை நினைத்தால் இன்றும் நெஞ்சு கொதிக்கும். மக்கள் காவலர்மீது மலர் தூவினர்! விசாரணையின்றி, சான்று ஆராயப்படாமல், எல்லாம் முடிந்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022இல் வெளியானது. சாகடிக்கும் நோக்கத்தோடே சுடப்பட்டனர். நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர். காவலர் பத்துப் பேர்மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றது அறிக்கை. ஹீரோனிமோவின் அரண்மனை நாடகம் நினைவுக்கு வருகிறதா? கை தட்டிய பிறகுதானே தெரிந்தது!

இன்னும் அருகே வாருங்கள். 2020 ஜூன். சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தது என்ற வழக்கிலே தந்தையும் மகனும் காவல் நிலையம் கொண்டு செல்லப்பட்டனர். அடித்த அடியிலே இருவரும் மாண்டனர். விசாரணையின்றித் தண்டிக்கும் கை திரையிலே கொடியவனைத் தண்டித்தபோது, "விடாதே!" என்றோம். அதே கை கடைக்காரர்மீது விழுந்தபோது பதறினோம். கை ஒன்றுதான், தோழர்களே! அது யார்மீது விழும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் நம்மிடம் இல்லை.

அப்படியானால் இந்தப் படங்களைத் தடை செய்யலாமா? கூடாது! மனுவைக் கிழிப்பதால் குறை தீராது. பல்லால் கிழித்த ஹீரோனிமோவே அதற்குச் சான்று. படம் பார்க்கும் தோழனைப் பழித்துப் பேசவும் கூடாது. அவன் குரலிலே கேட்பது குருதி வெறி அல்ல, கால் கடுத்தவனின் களைப்பு. இந்தியாவின் வழக்குமன்றங்களிலே 5 கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. ஒவ்வொரு வழக்கின் பின்னாலும் ஒரு குடும்பம். கொட்டகை ஏன் நிறைகிறது என்று கேட்டால், நீதிமன்றத் தாழ்வாரம் ஏன் நிறைந்திருக்கிறது என்று கேளுங்கள், விடை கிடைக்கும்.

நம் வேலை அந்தத் தாழ்வாரத்திலே இருக்கிறது. புகார் எழுதத் தெரியாதவனுக்கு எழுதிக் கொடுங்கள். புகாரை வாங்க மறுக்கும் நிலையத்திலே, அவன் தனியாள் அல்லன் என்று தெரியும்படி பக்கத்தில் நில்லுங்கள். முதல் தகவல் அறிக்கையின் படி இலவசமாகத் தரப்பட வேண்டும் என்பதைச் சொல்லிக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். இலவசச் சட்ட உதவி மையம் எங்கே இருக்கிறது என்று வழிகாட்டுங்கள். சாட்சி சொல்ல அஞ்சுபவனை அழைத்துச் சென்று, மறுபடி வீடு கொண்டு சேருங்கள். கதறல் கேட்டால் விளக்கை அணைக்காதீர்கள், கதவைத் திறவுங்கள். இவற்றுக்குப் பின்னணி இசை கிடையாது, விசில் கிடையாது. வாய்தா உண்டு, மறுபடியும் வாய்தா உண்டு. ஆனால் பிள்ளைகளின் பெயரில் பாக்கி ஏறாத கணக்கு இது ஒன்றுதான்.

படம் பாருங்கள், தோழர்களே. விரும்பினால் கைதட்டியும் பாருங்கள். வெளியே வந்ததும், உங்கள் பக்கத்தில் அமர்ந்து உரக்கக் கூவிய மனிதரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, உங்களுக்கு என்ன வழக்கு?"

அவர் சொல்லத் தொடங்குவார். உட்கார்ந்து கேளுங்கள்.